ஐம்பது வயதில் ஆசிரியர் தேர்வு எழுதுபவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

 

ஆசிரியர் நியமனத் தேர்வு வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு கேலி சுற்றும். ‘பேரன் எடுக்கிற வயசுல வேலை தேடுறாங்க’ என்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவிலேயே அதைப் பார்க்கிறேன். பகிர்கிறவர்களில் பலர், என்னைப் போலவே பதிவு மூப்பில் வேலை பெற்றவர்கள். அதனால்தான் கோபம் வருகிறது.

அவர்கள் ஏன் தாமதமானார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

1994இல், இருபது வயதில், ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருந்தார். அவர் முறை வருவதற்குள் தகுதித் தேர்வு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. 150க்கு 90 எடுக்க வேண்டும். 2013இல், 39 வயதில், தேறிவிட்டார் என்றே வையுங்கள்.

அடுத்து வெயிட்டேஜ். டெட் மதிப்பெண்ணுக்கு 60, பன்னிரண்டாம் வகுப்பிலும் பட்டயத்திலும் வாங்கியதற்கு 40. 1200க்கு 800 எடுத்தாலே ஊர் மெச்சிய காலத்தில் படித்தவரை, 1100 சர்வசாதாரணமான காலத்துப் பிள்ளைகளோடு நிறுத்தினார்கள். பின்தங்கினார். 2018இல் வெயிட்டேஜை எடுத்துவிட்டு, டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். 2020 ஜனவரியில் வயது வரம்பு வந்தது: பொதுப் பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45. அதற்கு முன் 57 வயது வரை சேரலாம். அப்போது அவருக்கு 46. ஒரே அரசாணையில் வெளியே போனார். 2023இல் வரம்பை 53, 58 என்று உயர்த்தினார்கள். 2024இல்தான் 1,768 இடைநிலை ஆசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அப்போது வயது ஐம்பது.

இந்த முப்பது வருடத்தில் அவர் எங்கே தாமதித்தார்? விதி மாறும்போதெல்லாம் புதுப் புத்தகம் வாங்கிப் படித்தார். தாமதம் முழுக்க அரசாங்கத்துடையது. கேலி மட்டும் அவருக்கு.

‘ஐம்பது வயசுக்காரங்க சின்னப் பிள்ளைகளை மேய்க்க முடியுமா’ என்று கேட்கிறார்கள். நாமெல்லாம் ஐம்பத்தெட்டு வரை அதே வகுப்பில்தானே நின்றோம்? இப்போது ஓய்வு வயது 60. பணியில் இருக்கும் ஐம்பத்தைந்து வயது ஆசிரியரை ‘முடியாது, போ’ என்று யாரும் அனுப்புவதில்லை. புதிதாகச் சேர்ந்தால் மட்டும் முட்டி வலித்துவிடுமா?

நான் வேலை பார்த்த ஈராசிரியர் பள்ளி ஒன்றுக்கு, பதிவு மூப்பில் 44 வயதில் ஒரு டீச்சர் வந்தார். ஒன்றாம் வகுப்பில் ஜூன் மாத அழுகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் யாரையும் அதட்ட மாட்டார். அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, கை நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்வார். பத்து வரை எண்ணுவதற்குள் அழுகை நின்றிருக்கும். மூன்று பிள்ளை வளர்த்த கை அது. இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்த எனக்கு அந்தப் பக்குவம் வரப் பல வருடம் ஆனது.

‘இளைஞர்களுக்கு வழிவிட வேண்டாமா’ என்பது அடுத்த கேள்வி. யார் மறித்தார்கள்? இருவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே கட்-ஆஃப். இவர்கள் சலுகை கேட்கவில்லை, தேர்வு எழுத அனுமதிதான் கேட்கிறார்கள். இளைஞர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இடைநிலை ஆசிரியர் நியமனம் ஏறக்குறைய பத்தாண்டு நடக்காமல் கிடந்தது. அப்போது இருபத்தைந்து வயதில் காத்திருந்தவருக்கு இன்று முப்பத்தைந்து. அடுத்த அறிவிப்பும் அப்படியே இழுத்தால், இந்தக் கேலி உங்களையும் தேடி வரும்.

அரசிடம் கேட்பது இரண்டுதான். நியமனத் தேர்வை வருடா வருடம், முன்கூட்டியே தேதி சொல்லி நடத்துங்கள். வயது வரம்பை மறுபடியும் கீழே இறக்காதீர்கள்.

சக ஓய்வு ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் தெருவில் இந்த வயதில் படித்துக்கொண்டிருக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். கணக்கோ, உளவியலோ, உங்களுக்குத் தெரிந்ததை மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். நமக்கு ஓய்வூதியம் வருகிறது. நேரமும் இருக்கிறது.