கொள்ளைக்கார ஈயும் அதன் பிடியிலுள்ள இரையும்

பயிர்ப் பாதுகாப்புத் துறையில் உழைக்கும் நம்மவர்கள் வயலில் ஒரு கொள்ளைக்கார ஈயைக் கண்ட மாத்திரத்தில், அது என்ன இரையைப் பற்றியிருக்கிறது என்று நோக்காமலே, நன்மை செய்யும் பூச்சிகளின் வரிசையில் அதைச் சேர்த்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அவ்வழக்கம் மாறவேண்டும் என்பது எமது திடமான அபிப்பிராயம்.

1802-இல் லத்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த, கொள்ளைக்கார ஈக்கள் அடங்கிய அசிலிடே குடும்பத்தில் இன்று 7,000-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. புடைத்தெழுந்த இரு கூட்டுக் கண்களும், அவற்றிடையே உச்சியில் பள்ளமாகத் தாழ்ந்த தலையும், திமிறும் இரையிடமிருந்து முகத்தைக் காக்கும் மீசை போன்ற மயிர்க்கற்றையும், முட்கள் செறிந்த வலிய கால்களும் இவ்வினங்களின் விசேஷ லட்சணங்கள். வெயில்படும் குச்சி நுனியில் அமர்ந்து, பறந்து செல்லும் பூச்சியைப் பாய்ந்து பற்றி, கழுத்து முதலிய மிருதுவான இடத்தில் அலகைச் செலுத்தி, நஞ்சு கலந்த உமிழ்நீரால் அதைச் செயலிழக்கச் செய்து, உள்ளே கரைந்த தசையை இந்த ஈ உறிஞ்சிவிடுகிறது.

அந்தப் பாய்ச்சலின் நுட்பம் பெரிது. ஆறு மில்லிமீட்டர் அளவேயுள்ள ஹோல்கோசெபலா ஃபுஸ்கா என்னும் அமெரிக்க இனத்தைப் பற்றி 2017-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, அது இரையைப் பின்தொடர்ந்து ஓடுவதில்லை; இரை தன் பார்வையில் ஒரே திசைக் கோணத்தில் நிலைத்திருக்குமாறு பறந்து, அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கியே செல்கிறது; ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரம் இருக்கையில் வேகத்தைத் தணித்து, வளைந்து திரும்பி, இரையின் போக்கோடு தன் போக்கை இசைவித்துக்கொண்டு பற்றுகிறது. இவை யாவும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆயினும், இத்தனை சாமர்த்தியமும் நம் பயிரின் பொருட்டு அமைந்ததன்று. வெட்டுக்கிளியும் வண்டும் அகப்படுவதைப் போலவே தேனீயும் குளவியும், சில வேளைகளில் தன் இனத்து ஈயும் அதற்கு ஆகாரமாகின்றன. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் மல்லோபோரா ரூஃபிகௌடா என்னும் இனம் தேனீக்களைக் கொன்று, தேனீ வளர்ப்போருக்குப் பெருந்தொல்லையாக இருக்கிறது. ஆனால் உயர்ந்த புற்களில் அது இடும் முட்டைகளிலிருந்து வெளிப்படும் இளம்புழுக்களோ, காற்றில் பரவி நிலத்தில் விழுந்து, மண்ணைத் துளைத்துச் சென்று, பயிர்வேரைத் தின்னும் வண்டின் வெண்புழுக்களைப் பற்றி ஒட்டுண்ணியாக வாழ்ந்து அழிக்கின்றன. மண்ணுக்கு மேலே பகையாகவும் கீழே துணையாகவும் விளங்கும் இப்பிராணியை எந்த வரிசையில் எழுதுவது?

அதன் பிடியிலுள்ள இரையைக் கொண்டே அதை நிர்ணயிக்க இயலும். எனவே ஈயையும் இரையையும் ஒரே குப்பியில், ஒரே எண்ணிட்டுச் சேகரிக்குமாறும், இடம், வேளை, அமர்ந்திருந்த செடி ஆகியவற்றை உடன் குறிக்குமாறும் அன்பர்களை வேண்டுகிறோம். இரை உருக்குலைந்து இனம் தெரியாமற்போனால், வண்டா, தேனீ வகையா, ஈயா என்ற அளவில் எழுதினாலும் போதும். ஒற்றைக் குறிப்பாயினும் இவ்விதழில் இடம் அளிப்போம்.