அளவுகோலுக்காகப் பிள்ளைகளா? பிள்ளைகளுக்காக அளவுகோலா?

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரும் சமூகம் தமிழ்ச் சமூகம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிப் படிப்பித்த யாழ்ப்பாணத்துப் பழக்கம், விமானம் ஏறி ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நகரின் வடமேற்கு மூலையில், ஹம்பர் ஆற்றங்கரையை ஒட்டிய ரெக்ஸ்டேலின் அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் பெற்றோர், எட்டு வயதுப் பிள்ளையின் மாகாணப் பரீட்சைக்காகத் தனியார் வகுப்புக்கும் பணம் கட்டுகின்றனர். அந்த வகுப்புக்கு இடம் விடுவதற்காகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நிறுத்தப்படுகின்றது. இத்தனைக்கும் ஈடாகப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை.

யாருக்காக இந்தப் பரீட்சை?

1995இல் ஒன்ராறியோவின் கல்விக்கான அரச ஆணைக்குழு வழங்கிய பரிந்துரையைத் தொடர்ந்து, 1996இல் மைக் ஹரிஸ் அரசாங்கம் இயற்றிய சட்டத்தின் மூலம் கல்வித் தரம் மற்றும் பொறுப்புடைமை அலுவலகம் (ஈ.க்யூ.ஏ.ஓ.) உருவாக்கப்பட்டது. 3ஆம், 6ஆம் தரங்களில் வாசிப்பு, எழுத்து, கணிதம். 9ஆம் தரத்தில் கணிதம். 10ஆம் தரத்தில் எழுத்தறிவுப் பரீட்சை என இதன் வலை விரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தடைப்பட்ட தொடக்கப் பாடசாலைப் பரீட்சைகள், 2021-22 கல்வியாண்டு முதல் கணினி வழியே நடைபெறுகின்றன.

3ஆம், 6ஆம் தரப் பரீட்சைகளின் பெறுபேறு பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையில் சேர்வதில்லை. வகுப்பேற்றத்தையும் அது தீர்மானிப்பதில்லை. பெறுபேறு வீட்டுக்கு வரும்போது இலையுதிர் காலம் ஆகிவிடும். பிள்ளை அடுத்த வகுப்பில், வேறோர் ஆசிரியரிடம் இருக்கும். எங்கே பிழைத்தது என்று கண்டறிந்து திருத்த வேண்டிய ஆசிரியரின் கைக்கு, அந்தப் பிள்ளை அவரிடம் இருக்கும் காலத்தில் இத்தாள் எட்டுவதேயில்லை. அப்படியாயின் இது பிள்ளைக்கான பரீட்சை அல்ல, பாடசாலை முறைமையை அளப்பதற்கான கருவி. முறைமையின் பரீட்சைக்கு ஏன் ஓர் எட்டு வயதுக் குழந்தை நித்திரையைத் தொலைக்க வேண்டும்?

10ஆம் தரப் பரீட்சை வேறு வகையானது. அதில் சித்தியெய்துவது உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்கான நிபந்தனைகளில் ஒன்று. அதிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்வது அறிவீனம். ஆனால் ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைகளுக்கு ஒத்திவைப்புக் கோரலாம் என்பதும், தவறியவர்களுக்கு எழுத்தறிவுப் பாடநெறி என்ற மாற்றுவழி உண்டு என்பதும் புதிதாக வந்த எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பட்டியல் என்னும் வியாபாரம்

அரசு வெளியிடும் இந்தப் பெறுபேறுகளை எடுத்து, பாடசாலைகளுக்குப் பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டு வரிசைப்படுத்துகின்றது பிரேசர் நிறுவகம். அந்த வரிசை வீட்டு விற்பனை முகவர்களின் கைக்கு வந்து சேர்கின்றது. "நல்ல பாடசாலை உள்ள இடம்" என்ற பேச்சு, தமிழ் வீடுகளின் சாப்பாட்டு மேசை வரை நுழைந்துவிட்டது.

அந்தப் புள்ளி எதை அளக்கின்றது? ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை தயாரிக்கும் கற்றல் வாய்ப்புச் சுட்டெண், மாணவர் வாழும் பகுதிகளின் குடும்ப வருமானம், அரச உதவியில் தங்கியிருப்போர், பெரியவர்களின் கல்வி, தனிப் பெற்றோர் குடும்பங்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பாடசாலைகளை வரிசைப்படுத்துகின்றது. பரீட்சைப் புள்ளிகள் குறைந்த இடங்களில் பெரும்பாலும் இந்தச் சுமைகளே கூடி நிற்கின்றன. பெற்றோரின் சம்பளத்தை அளந்துவிட்டு, அதற்கு ஆசிரியரின் திறமை என்று பெயரிடுவது எந்த ஊர் நியாயம்? ரெக்ஸ்டேலில் ஆங்கிலமே தெரியாமல் வந்த பிள்ளையை இரண்டு ஆண்டுகளில் கதை எழுத வைக்கும் ஆசிரியருக்கு அந்தப் பட்டியலில் ஒரு புள்ளியும் கிடையாது.

இதன் விளைவைத் தமிழர் நன்கு அறிவர். வசதி வந்த குடும்பங்கள் பட்டியலைப் பார்த்து இடம்பெயர்கின்றன. எஞ்சியோரின் பிள்ளைகள் "குறைந்த பாடசாலை" என்ற முத்திரையைச் சுமக்கின்றனர்.

தரப்படுத்தல் தந்த பாடம்

1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் நுழையச் சிங்கள மாணவருக்கு 227 புள்ளிகளும் தமிழ் மாணவருக்கு 250 புள்ளிகளும் தேவைப்பட்டதைத் தமிழர் மறக்கவில்லை. ஒன்ராறியோவின் பரீட்சை அத்தகையதல்ல. இங்கு இனத்துக்கொரு வெட்டுப்புள்ளி கிடையாது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆனால் புள்ளிகள் தாமாகப் பேசுவதில்லை, அவற்றை யார் எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதே கேள்வி என்ற பாடத்தை அந்த அனுபவத்திலிருந்து கற்ற சமூகம், இங்கு மட்டும் எண்களைக் கண்டு கைகட்டி நிற்பது ஏன்?

விலகுவது தீர்வாகுமா?

ஒன்ராறியோவில் பெற்றோர் விரும்பியபடி பிள்ளையை விலக்கிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. தக்க உதவிகள் வழங்கியும் பங்குபற்ற இயலாத பிள்ளைகளுக்கே விலக்களிப்பு உண்டு. ஆகவே விரும்பாத பெற்றோர் பரீட்சை நாட்களில் பிள்ளைகளை வீட்டில் மறித்துவிடுகின்றனர். ஆனால் எழுதாத பிள்ளைகளையும் பகுதி எண்ணில் சேர்த்தே பாடசாலையின் விழுக்காடு பல ஆண்டுகள் கணக்கிடப்பட்டது. பெற்றோரின் எதிர்ப்பு, பாடசாலையின் தோல்வியாகப் பதிவானது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆசிரியர் சம்மேளனமே பிள்ளைகளை விலக்கும்படி பெற்றோரைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்துள்ளது. நியூயோர்க் மாநிலத்தில் 2015இல் 3 முதல் 8 வரையிலான தரங்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டு மாணவர் பரீட்சையை மறுத்தனர். ஆனால் அந்த அலை எழுந்தது லோங் ஐலண்ட் போன்ற வசதியான புறநகர்களில். நியூயோர்க் நகரத்தில் மறுத்தவர்கள் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. குடிவரவாளர் துணியவில்லை. தனியொரு குடும்பத்தின் மறுப்பு ரெக்ஸ்டேலில் காற்றோடு போகும். கூட்டாகக் கேட்டால் மட்டுமே அது கோரிக்கையாகும்.

"பரீட்சை இல்லாவிட்டால் பின்தங்கிய பகுதிகளின் குறை வெளியே தெரியாதே" என்பர் சிலர். புறந்தள்ள முடியாத வாதம் இது. ஆயினும் ஒரு மாகாணத்தின் நிலையை அறிய ஒவ்வொரு பிள்ளையையும் சோதிக்கத் தேவையில்லை. உலகநாடுகளை ஒப்பிடும் பீசா ஆய்வும், கனடிய மாகாணங்களை ஒப்பிடும் பீக்காப் மதிப்பீடும் மாதிரி மாணவர்களைக் கொண்டே நடத்தப்படுகின்றன. எந்தப் பாடசாலைக்கு உதவி தேவை என்பதை மேற்கூறிய சுட்டெண்ணே சொல்லிவிடும். 2023-24இல் 6ஆம் தரக் கணிதத்தில் மாகாணத் தரத்தை எட்டியோர் 50 விழுக்காட்டினர் மட்டுமே. கால் நூற்றாண்டுக்கு மேலாக அளந்தாயிற்று. இனித் தேவைப்படுவது ஆசிரியரே அன்றி இன்னோர் அளவீடு அல்ல.

இது புதிய யோசனையும் அல்ல. 3ஆம் தரப் பரீட்சையை நிறுத்துமாறும், 9ஆம் தரப் பரீட்சையைப் படிப்படியாகக் கைவிடுமாறும் அரசு நியமித்த வல்லுநர் குழு 2018இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஜூனில் ஆட்சி மாறியது, பரீட்சைகள் தொடர்கின்றன. அந்த அரசின் முதல்வர் டக் போர்ட்டின் தொகுதி எது? ரெக்ஸ்டேலை உள்ளடக்கிய வட எற்றோபிக்கோ!

ஆகவே ரெக்ஸ்டேல் தமிழ்ப் பெற்றோர் கேட்க வேண்டியவை தெளிவானவை. 3ஆம், 6ஆம் தரங்களில் மாதிரி முறை வேண்டும். அது வரும்வரை, பாடசாலைக்குப் பாதிப்பின்றி எழுத்துமூலம் விலகும் உரிமை வேண்டும். பரீட்சைக்குச் செலவாகும் பணம் ஆங்கில மொழி ஆசிரியருக்கும் விசேட கல்விக்கும் செல்ல வேண்டும். 2025 ஜூனில் மாகாண அரசு மேற்பார்வையாளரை நியமித்துப் பாடசாலைச் சபையின் பொறுப்பை எடுத்துக்கொண்ட பின்னர், அறங்காவலரிடம் முறையிடும் பாதையும் சுருங்கிவிட்டது. எனவே பாடசாலைப் பெற்றோர் மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, நேரே தொகுதி உறுப்பினரின் அலுவலகக் கதவைத் தட்டுவதே வழி. சோமாலியரும் பஞ்சாபியரும் கரிபியரும் இதே சுமையைச் சுமக்கின்றனர். அவர்களோடு சேர்ந்து செல்ல வேண்டும்.

வாக்குக் கேட்டுப் பொங்கல் விழா மேடைக்கு வரும் அரசியல்வாதிகளுக்கு மாலை போடுவதோடு கடமை முடிந்தது என்றிருப்பதா? அல்லது மாலை போடும் கையால் ஒரு மனுவையும் நீட்டுவதா? ரெக்ஸ்டேல் தமிழர் சிந்திப்பார்களா?