சமமாக நிற்பவர்களை எது பிரிக்க வேண்டும்?

எல்லாரையும் வென்றவரை முதல்வர் என்று அறிவிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிக் கொள்கை தேவையில்லை. இருவரோ மூவரோ ஒரே கணக்கில் வந்து நிற்கும்போதுதான் அந்நிறுவனம் எதை மதிக்கிறது என்பது வெளியே தெரிகிறது. உயர்கல்வி நிறுவனங்களின் தரவரிசை முறைகளை ஆராய்ந்துவரும் எனக்கு, இதைப் புரிந்துகொள்ள மிகவும் உதவிய களம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தாட்டம். விளையாட்டு ஆர்வலர் அல்லாத நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். இது பந்தைப் பற்றிய பதிவாகத் தொடங்கினாலும் பல்கலைக்கழகங்களைப் பற்றிய பதிவாகவே முடியும்.

அங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. அதன் உயர்நிலையில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டங்களே ஆடுகிறது. ஆகவே பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. சந்திக்காத இருவருள் யார் சிறந்தவர் என்று சொல்ல யாரேனும் ஒருவர் கருத்துக் கூற வேண்டியிருக்கிறது. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்குப் பெற்று வாரந்தோறும் தரவரிசை வெளியிட்டு வருவது இதனால்தான்.

கருத்தின் ஆட்சியைக் குறைக்க ஒரு நல்ல வழி இருந்தது. அணிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்தன. பெரிய கூட்டமைப்புகள் இரு பிரிவுகளாகப் பிரிந்தன. தென்கிழக்குக் கூட்டமைப்பு 1992இல் 12 அணிகளாக விரிந்தபோது கிழக்கு, மேற்கு என ஆறாறு அணிகளாகப் பிரிந்தது. ஒரு பிரிவுக்குள் உள்ள ஆறு அணிகளும் ஆண்டுதோறும் ஒன்றோடொன்று மோதும். பிரிவுகளின் முதல்வர்கள் இருவரும் இறுதியில் சந்திப்பர். இந்த ஏற்பாட்டில் பிரிவுப் பட்டியலுக்கு ஒரு பொருள் இருந்தது. ஒரே எதிரிகளைச் சந்தித்தவர்களை ஒரே பட்டியலில் வைத்தார்கள். இரண்டு அணிகள் சமமாக முடித்தால், அவை தம்முள் மோதிய ஆட்டத்தில் வென்றது எது என்று பார்த்தால் போதும்.

மூன்று அணிகள் சமமாகி, ஒன்றையொன்று சுழற்சியாக வென்றிருந்தால் என்ன செய்வது? 2008இல் பிக் 12 கூட்டமைப்பின் தெற்குப் பிரிவில் அதுவே நேர்ந்தது. அக்டோபர் 11 அன்று டாலஸில் டெக்சஸ் அணி ஓக்லஹோமாவை 45-35 என்று வென்றது. நவம்பர் 1 அன்று லபக் நகரில் டெக்சஸ் டெக் அணி, ஆட்டம் முடிய ஒரே ஒரு நொடி எஞ்சியிருந்தபோது இலக்கைத் தொட்டு, டெக்சஸை 39-33 என்று வீழ்த்தியது. நவம்பர் 22 அன்று நார்மன் நகரில் ஓக்லஹோமா, டெக்சஸ் டெக்கை 65-21 என்று நொறுக்கியது. மூன்றும் கூட்டமைப்பு ஆட்டங்களில் 7 வெற்றி, 1 தோல்வியுடன் நின்றன.

களத்தில் நடந்ததை வைத்துப் பிரிக்கும் விதிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. அடுத்து எஞ்சிய விதி, தேசியத் தரவரிசையில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களே முதல்வர் என்றது. அத்தரவரிசை பயிற்சியாளர் வாக்கு, மற்றொரு வாக்காளர் குழுவின் வாக்கு, கணினிக் கணக்கு ஆகிய மூன்றின் கலவை. மிக மெல்லிய இடைவெளியில் ஓக்லஹோமா இரண்டாமிடத்தையும் டெக்சஸ் மூன்றாமிடத்தையும் பெற்றன. ஓக்லஹோமா இறுதிக்குச் சென்று மிசூரியை 62-21 என்று வென்று, தேசிய இறுதியாட்டத்தில் புளோரிடாவிடம் 24-14 என்று தோற்றது. டெக்சஸ் ரசிகர்களோ 45-35 என்ற எண்ணைப் பருவம் முழுதும் மந்திரம்போல் உச்சரித்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது, அதே ஆண்டில் தென்கிழக்குக் கூட்டமைப்பின் விதி வேறாக இருந்தது என்பதே. அங்கே மூவர் சமமானால் தரவரிசையைக் கொண்டு ஒருவரை நீக்குவர். எஞ்சிய இருவரும் தரவரிசையில் ஐந்து இடங்களுக்குள் நெருங்கி இருந்தால், அவர்கள் நேருக்கு நேர் மோதிய ஆட்டமே தீர்ப்பாகும். அந்த விதிப்படி ஏழாமிடத்தில் இருந்த டெக்சஸ் டெக் நீங்கியிருக்கும். 45-35 என்று வென்ற டெக்சஸ் முதல்வர் ஆகியிருக்கும். ஆட்டங்களும் எண்களும் அவையேதான். விதிப்புத்தகத்தில் ஒரு வரி மாறியிருந்தால் முதல்வர் மாறியிருப்பார். பட்டியல் என்பது நடந்ததை அப்படியே காட்டும் கண்ணாடி என்று நம்புகிறவர்கள் இந்த நிகழ்வைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரிவு முறையும் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. 2022இல் விதி தளர்த்தப்பட்ட பின் பெரிய கூட்டமைப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிவுகளைக் கைவிட்டன. தொலைக்காட்சி வருவாயை நாடிக் கூட்டமைப்புகளும் பெருத்தன. பிக் டென் என்ற பெயரில் இப்போது 18 அணிகள் உள்ளன. அவற்றுள் ஓர் அணி கூட்டமைப்புக்குள் 9 ஆட்டங்கள் ஆடுகிறது. எஞ்சிய 8 அணிகளை அது சந்திப்பதே இல்லை. வெவ்வேறு எதிரிகளைச் சந்தித்தவர்களை ஒரே பட்டியலில் நிறுத்துகிறோம், சமநிலைகள் பெருகுகின்றன. 2024இல் பிக் 12 கூட்டமைப்பில் நான்கு அணிகள் 7-2 என்று சமமாக முடித்தன.

2025இல் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் நடந்தது இன்னும் விசித்திரமானது. முதலிடம் வர்ஜீனியாவுக்கு. இரண்டாமிடத்தில் 6-2 என்று ஐந்து அணிகள். ஐந்தும் தம்முள் முழுமையாக மோதியிருக்கவில்லை. இறுதியில், யார் சந்தித்த கூட்டமைப்பு எதிரிகள் அதிகம் வென்றிருந்தார்களோ அவருக்கே இடம் என்ற விதி வேலை செய்தது. ஒட்டுமொத்தமாக 7 வெற்றியும் 5 தோல்வியும் கொண்ட டியூக் இறுதிக்குச் சென்றது. 10 வெற்றி பெற்ற மயாமி வெளியே நின்றது. டியூக் இறுதியாட்டத்தில் வர்ஜீனியாவை 27-20 என்று கூடுதல் நேரத்தில் வென்று பட்டத்தையும் எடுத்தது.

பலரும் இதை விதியின் அபத்தம் என்று எள்ளி நகையாடினர். என் கருத்து வேறு. அபத்தம் கூட்டமைப்பின் உருவத்தில் இருந்தது. 17 அணிகளைச் சேர்த்து, எட்டே ஆட்டங்கள் ஆடவைத்தால் எந்த விதியும் தடுமாறத்தான் செய்யும். ஆனால் அந்த விதி பருவம் தொடங்கும் முன்னரே எழுதப்பட்டிருந்தது. அதில் டியூக் என்ற பெயரோ மயாமி என்ற பெயரோ இல்லை. தோற்றவர் அதன் முன் எரிச்சலுறலாம். ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது.

விதி தந்ததைக் கருத்து எவ்வளவு எளிதாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதும் அதே வாரத்தில் தெரிந்தது. தேசியப் போட்டிக்கான 12 இடங்களுள் ஐந்து, தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கூட்டமைப்பு முதல்வர்களுக்கு அப்போது உரியவையாக இருந்தன. தேர்வுக் குழு டியூலேன், ஜேம்ஸ் மேடிசன் ஆகிய முதல்வர்களை டியூக்குக்கு மேலே வைத்தது. செப்டம்பரில் டியூலேன் டியூக்கை வென்றிருந்ததால் அந்த முடிவை ஓரளவு ஏற்கலாம். ஏற்கக் கடினமானது வேறொன்று. பருவத்தின் தொடக்கத்தில் மயாமி, நோட்ர டேம் அணியை 27-24 என்று வென்றிருந்தது. இரண்டும் 10-2 என்று முடித்தன. ஆயினும் குழு வாரக்கணக்காக நோட்ர டேமை மேலே வைத்திருந்தது. கடைசி வாரத்தில் இரு அணிகளும் ஆடவே இல்லை. இடையில் இருந்த பிரிகாம் யங் அணி தோற்றுக் கீழே இறங்கியதும், இவை இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன. எனவே நேருக்கு நேர் மோதிய முடிவைக் கணக்கில் கொண்டோம் என்று குழு விளக்கியது. மயாமி உள்ளே வந்தது. நோட்ர டேம் வெளியேறியது. முடிவு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆகஸ்டில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு டிசம்பரில்தான் மதிப்பு வரும் என்றால், அந்த மதிப்பு எங்கே எழுதப்பட்டிருந்தது?

கருத்துக்குச் சார்பான வலுவான வாதம் 2023இல் இருக்கிறது. புளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் வென்று கூட்டமைப்பு முதல்வராக நின்றது. அதன் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றதால் அணி முன்போல் இல்லை என்று கூறி, தலா ஒரு தோல்வி கண்ட டெக்சஸையும் அலபாமாவையும் குழு நான்கு பேர் பட்டியலில் சேர்த்தது. பின்னர் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. குழு சொன்னது சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. பட்ட வாய்ப்புப் பறிபோன பின் வீரர் பலர் அந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டனர் என்பது ஒரு பதில். முதன்மையான பதில் வேறு. தோற்கக்கூடும் என்ற ஊகத்தால் தோற்காதவரை நீக்கலாம் என்றால், ஆட்டங்களை நடத்துவது எதற்கு? குழுவே இருக்கை போட்டு அமர்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடலாமே.

கருத்து ஆளும் இடத்தில் பெயர் பெரிதாகிறது; பெயரைப் பெரிதாக்கக் கட்டடம் தேவைப்படுகிறது. விளையாட்டரங்கப் புதுப்பிப்புகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். சிறந்த மாணவ வீரர்களையும் பயிற்சியாளர்களையும் ஈர்க்க ஒரு பல்கலைக்கழகம் அரங்கத்தை உயர்த்தினால் அடுத்ததும் உயர்த்துகிறது. டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 485 மில்லியன் டாலர் செலவில் தன் கைல் ஃபீல்டை மாற்றியமைத்தது. 2015இல் அது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கமாயிற்று. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமோ 800 மில்லியன் டாலருக்கும் மேல் செலவிட்டு, பழைய 47,000 இருக்கைகளுக்குப் பதிலாக 35,000 இருக்கைகளே கொண்ட அரங்கத்தைக் கட்ட முனைந்தது. இருக்கை குறைந்து வசதி கூடும்போது அங்கே அமரப்போகிறவர் யார் என்பதை விளக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் உறைத்த எடுத்துக்காட்டு பெர்க்லி. உலகின் தலைசிறந்த பொதுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அது. 2004இன் வழக்கமான பருவத்தில் அதன் அணி தோற்றது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் முதலிடத்தில் இருந்த தெற்குக் கலிபோர்னியா அணியிடம். 1959க்குப் பின் முதன்முறையாக ரோஸ் பவுலுக்குச் செல்லும் தறுவாயில் இருந்தது. டெக்சஸ் பயிற்சியாளர் மேக் பிரவுன் வாக்காளர்களிடம் வெளிப்படையாக ஆதரவு கோரினார். இறுதித் தரவரிசையில் டெக்சஸ் முந்தியது. அந்தச் சர்ச்சைக்குப் பின் அசோசியேட்டட் பிரஸ் தன் வாக்கெடுப்பைத் தேசியக் கணக்கீட்டிலிருந்து விலக்கிக்கொண்டது.

அதே பெர்க்லியின் அரங்கம் 1923இல் ஹேவர்டு நிலப்பிளவின் மேலேயே கட்டப்பட்டது. நிலநடுக்கப் பாதுகாப்புக்காக அதைச் சீரமைத்தே ஆக வேண்டும். அதை யாரும் குறை கூற முடியாது. 321 மில்லியன் டாலர் செலவில் சீரமைத்து 2012இல் திறந்தார்கள். நீண்டகால இருக்கை உரிமைகளை விற்றுக் கடனை அடைப்பது திட்டம். விற்பனை எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. கடனில் ஒரு பகுதியைப் பின்னர் பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாகமே ஏற்க நேர்ந்தது. மேற்குக் கரையின் கூட்டமைப்புச் சிதைந்தபின், பசிபிக் கரையில் இருக்கும் பெர்க்லி 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. கண்டத்தின் குறுக்கே மாணவர்கள் பறக்கிறார்கள்.

இந்தியாவில் நமக்கு இந்த ஆட்டத்தின் மீது பற்று இல்லாதிருக்கலாம். இதே தருக்கத்தின் கீழ் நாம் வாழ்கிறோம் என்பதை மறக்கலாகாது. 2016 முதல் வெளியாகும் தேசிய நிறுவனத் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு பிறர் கொண்டுள்ள மதிப்பீட்டுக்கு உரியது. தசமப் புள்ளிகளில் இடங்கள் மாறும் பட்டியலில் 10 விழுக்காடு சிறிது அன்று. பெயர் பெற்ற நிறுவனம் மதிப்பீட்டில் உயர்கிறது. அதனால் இடம் உயர்கிறது. இடத்தால் பெயர் மேலும் பெரிதாகிறது. நுழைவாயில் வளைவிலும் நாளிதழ் விளம்பரத்திலும் அந்த எண் அச்சாகிறது. நூலகத்தில் ஓர் ஆய்விதழின் சந்தா நிறுத்தப்பட்டால் அது எந்த விளம்பரத்திலும் வராது.

தரவரிசைகளை ஒழித்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. 130 அணிகளையும் ஆயிரக்கணக்கான கல்லூரிகளையும் ஏதோ ஒரு வகையில் ஒப்பிட்டே ஆக வேண்டும். சமமானவர்களைப் பிரிக்கும் விதி முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். நடந்த செயல்களையே முதலில் எண்ண வேண்டும். பிறர் கருத்து என்பது வேறு எல்லா வழியும் அடைபட்ட பின்னரே வர வேண்டும். அதன் பிறகும் பிரிக்க முடியாவிட்டால், இருவரும் சமம் என்று அறிவிக்கும் துணிவு வேண்டும். ஆட்டத்தில் ஒருவரே இறுதிக்குச் செல்ல முடியும் என்பதால் அங்கே அது இயலாது. பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும்போது அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 41ஆம் இடத்தையும் 42ஆம் இடத்தையும் தசமப் புள்ளியால் பிரிக்கும்படி நம்மை யாரும் கேட்கவில்லை.