எண் கேட்டால் எண்தான் வருமா?

சி மொழி கற்கும் எல்லோரும் முதலில் எழுதும் புரோகிராம், திரையில் 'ஹலோ வேர்ல்டு' என்று காட்டுவது. அடுத்து எழுதுவது இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்வது. முதல் புரோகிராமில் தவறு நடக்க வழியில்லை. அதில் கம்ப்யூட்டர் மட்டும்தான் பேசுகிறது. இரண்டாவதில் ஒரு மனிதர் வந்து கீபோர்டு முன் உட்காருகிறார். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலான பாடப் புத்தகங்கள் இந்த மனிதரைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. 'ஸ்கேன்எஃப்' என்ற பங்ஷனைக் கொடுத்து, அதற்குள் முழு எண்ணைக் குறிக்கும் 'பர்சென்ட் டி' போடச் சொல்லி, அடுத்த வரியில் கூட்டலுக்குப் போய்விடுகின்றன. கேட்டது எண், எனவே வந்தது எண் என்பது அவற்றின் நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறு என்பதும், வந்தது எண்தானா என்று சோதிப்பதை முதல் வாரத்திலேயே கற்றுத் தர வேண்டும் என்பதும்தான் என் கருத்து.

எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால்?

கூட்டல் புரோகிராமை இயக்கி, எண் கேட்கும் இடத்தில் 'ஏபிசி' என்று மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். புரோகிராம் நிற்காது. "தவறு" என்றும் சொல்லாது. இரண்டாவது எண்ணுக்காகக் காத்திருக்காமலே ஏதோ ஒரு விடையைத் திரையில் காட்டிவிடும்.

காரணம் எளிது. முழு எண் கேட்ட ஸ்கேன்எஃப், முதல் எழுத்தைப் பார்த்ததுமே "இது எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொள்கிறது. அந்த எழுத்துகளைத் தூக்கி எறிவதில்லை. அவை அப்படியே இன்புட் வரிசையில் நிற்கின்றன. இரண்டாவது ஸ்கேன்எஃப் வரும்போதும் அதே எழுத்துதான் முன்னால் நிற்கிறது. அதுவும் ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டு வேரியபிள்களிலும் நீங்கள் எதையும் போட்டு வைக்கவில்லை என்றால், மெமரியில் ஏற்கனவே கிடந்த குப்பைதான் கூட்டப்படுகிறது.

இதையே ஒரு லூப்புக்குள் வைத்தால் இன்னும் வேடிக்கை. "வயது 1 முதல் 120 வரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கேள்" என்று எழுதுகிறீர்கள். பயனாளர் எழுத்தை டைப் செய்கிறார். அந்த எழுத்து வரிசையை விட்டு நகராததால், "வயது என்ன?" என்ற கேள்வி திரை முழுவதும் மழையாகக் கொட்டும். கண்ட்ரோல் சி அழுத்தினால்தான் நிற்கும். புதிதாகக் கற்பவர் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்றே நினைத்துவிடுவார்!

1,50,000 எப்படி 1 ஆனது?

எழுத்தை டைப் செய்பவர் வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனதோடு சரியாக டைப் செய்பவருக்கும் இதே கதிதான். கடன் தொகை கேட்கிறது ஒரு புரோகிராம். நாம் வழக்கமாக எழுதுவது போலக் கமா போட்டு 1,50,000 என்று கொடுக்கிறார் ஒருவர். ஸ்கேன்எஃப் கமாவைக் கண்டதும் நின்றுவிடும். ஒன்றரை லட்ச ரூபாய்க் கடன், 1 ரூபாய்க் கடன் ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. வட்டிக் கணக்கும் மிகத் துல்லியமாக, அந்த 1 ரூபாய்க்குப் போடப்படும்.

கூட்டல் புரோகிராமில் 12.5 என்று கொடுத்தாலும் அப்படித்தான். 12 முதல் எண்ணுக்குப் போகும். புள்ளியும் 5-ம் மிச்சமாக நின்று இரண்டாவது எண்ணைக் கெடுக்கும்.

எண் பெரிதாக இருந்தாலும் ஆபத்துதான். நம் கல்லூரிகளில் பல ஆண்டுகள் பயன்பட்ட டர்போ சி-யில் முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம். அதில் அடங்கும் பெரிய எண் 32,767. அங்கே 40,000 கொடுத்தால் மைனஸ் 25,536 என்று விடை வரும். இன்றைய கம்ப்யூட்டர்களின் கம்பைலர்கள் 32 பிட் இடம் தருகின்றன. எல்லை 2,147,483,647 வரை நீண்டிருக்கிறது. ஆனால் எல்லை இல்லாமல் போய்விடவில்லை. நம் 10 இலக்க மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்றுகூட இந்த எல்லைக்குள் அடங்காது.

குறுக்கு வழிகள் வேண்டாம்

இந்தச் சிக்கலைச் சொன்னால் நண்பர்கள் உடனே இரண்டு வைத்தியம் சொல்வார்கள்.

முதல் வைத்தியம், ஒவ்வொரு ஸ்கேன்எஃப்புக்கும் முன்னால் 'எஃப்ஃபிளஷ்' பங்ஷனைப் போட்டு இன்புட் வரிசையைக் காலி செய்வது. டர்போ சி-யில் இது வேலை செய்தது. ஆனால் இந்த பங்ஷன் அவுட்புட்டுக்காக ஏற்பட்டது. இன்புட்டில் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரவிதி எந்த உறுதியும் தரவில்லை. லினக்ஸில் கீபோர்டு இன்புட்டை இது காலி செய்வதில்லை. ஒரு வீட்டில் பலித்து அடுத்த வீட்டில் பலிக்காத மருந்தை நம்பலாமா?

இரண்டாவது வைத்தியம், எழுத்துகளாக வாங்கி 'ஏடூஐ' பங்ஷன் மூலம் எண்ணாக மாற்றுவது. இதில் என்ன குறை? 'ஏபிசி' என்று கொடுத்தால் 0 தருகிறது. உண்மையிலேயே 0 கொடுத்தாலும் 0 தருகிறது. பயனாளர் பூஜ்யம் சொன்னாரா, உளறினாரா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சரியான வழி எது?

முழு வரியையும் முதலில் எழுத்துகளாக வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அது எண்தானா என்று நிதானமாகப் பாருங்கள். இவ்வளவுதான் ரகசியம். படிப்படியாகப் பார்ப்போம்.

1. 'எஃப்கெட்ஸ்' பங்ஷன் மூலம், அளவு குறிப்பிட்ட ஒரு கேரக்டர் அர்ரேயில் ஒரு வரியை வாங்குங்கள். அது 'நல்' திருப்பித் தந்தால் இன்புட் முடிந்துவிட்டது என்று பொருள். மறுபடி கேட்காமல் புரோகிராமை ஒழுங்காக முடித்துவிடுங்கள்.

2. வாங்கியதில் வரி முடிவுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் டைப் செய்தது அர்ரேயைவிட நீளம். மிச்சத்தைப் படித்து ஒதுக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

3. 'எர்நோ' என்ற வேரியபிளில் 0 வைத்துவிட்டு, 'எஸ்.டி.ஆர்.டி.ஓ.எல்' பங்ஷனை அழையுங்கள். ஸ்டிரிங்கை லாங் எண்ணாக மாற்றித் தருவது இதன் வேலை. எந்த இடம் வரை படித்தது என்பதையும் ஒரு பாயிண்டர் மூலம் சொல்லிவிடும். இதன் அருமையே அதுதான்.

4. பாயிண்டர் தொடங்கிய இடத்திலேயே நின்றால், எண்ணே இல்லை. நடுவில் நின்று, பின்னால் ஸ்பேஸ் தவிர வேறு ஏதாவது இருந்தால், எண்ணோடு குப்பையும் வந்திருக்கிறது. எர்நோ மாறி, எல்லை மீறியதற்கான குறியைக் காட்டினால் எண் மிகப் பெரிது.

5. கடைசியாக, உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வயது என்றால் 1 முதல் 120. மதிப்பெண் என்றால் 0 முதல் 100. இந்தச் சோதனை முடிந்த பிறகே அதை உங்கள் முழு எண் வேரியபிளில் போடுங்கள்.

தசம எண்ணுக்கு இதன் சகோதரரான 'எஸ்.டி.ஆர்.டி.ஓ.டி' இருக்கிறார். இவரிடம் ஒரு எச்சரிக்கை தேவை. 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் 'நான்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் இவர் ஏற்றுக்கொள்வார். அந்த மதிப்பு 0-ஐவிடச் சிறியதா என்று கேட்டாலும் இல்லை என்று வரும். 100-ஐவிடப் பெரியதா என்று கேட்டாலும் இல்லை என்றே வரும். எனவே "சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தால் தள்ளு" என்று எழுதாதீர்கள். "0 அல்லது அதற்கு மேல், 100 அல்லது அதற்குக் கீழ் என்றால் மட்டும் ஏற்றுக்கொள்" என்று எழுதுங்கள். கதவைத் திறந்து வைத்துத் திருடனைத் தேடுவதைவிட, பூட்டி வைத்துத் தெரிந்தவருக்குத் திறப்பது நல்லது.

எண் போலத் தோன்றுவதெல்லாம் எண் அல்ல

சென்னையின் எஸ்.டி.டி. குறியீடு 044. இதை முழு எண்ணாக வாங்கினால் முன்னால் உள்ள 0 காணாமல் போய் 44 ஆகிவிடும். பர்சென்ட் டி-க்குப் பதிலாகப் பர்சென்ட் ஐ போட்டிருந்தால் இன்னும் மோசம். 0-வில் தொடங்குவதால் அதை எட்டின் அடிமான எண் என்று எடுத்துக்கொண்டு 36 என்று வைத்துக்கொள்ளும்!

தொலைபேசி எண், பின்கோடு, தேர்வு எண் இவற்றை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. இவற்றை எழுத்துகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே இலக்கங்களா, நீளம் சரியா என்று மட்டும் சோதித்தால் போதும்.

இவ்வளவு பயம் தேவையா?

"நான் வீட்டில் கற்றுக்கொள்ள எழுதும் புரோகிராம்தானே" என்று நீங்கள் நினைக்கலாம். பெரிய இடங்களில் வேலை செய்தவர்களும் இப்படி எங்கோ ஓரிடத்தில் கற்றவர்கள்தான்.

1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் போர்க்கப்பலில் ஒருவர் டேட்டாபேஸில் ஓரிடத்தில் 0 என்று கொடுத்தார். புரோகிராம் அந்த 0-ஆல் வகுக்கப் போனது. கப்பலின் கம்ப்யூட்டர் இணைப்பு முழுவதும் படுத்துவிட்டது. எஞ்சின் கட்டுப்பாடும் போய், சுமார் 2 மணி 45 நிமிடம் கப்பல் கடலில் செயலற்று நின்றது.

2005 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மிசுஹோ செக்யூரிடீஸ் நிறுவனத்தில், ஜே-காம் நிறுவனத்தின் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 6,10,000 பங்குகளை 1 யென்னுக்கு விற்பதாகக் கொடுத்துவிட்டார். அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே சுமார் 14,500தான். இல்லாத பங்குகளை விற்கும் உத்தரவை, மொத்த எண்ணிக்கையைப் போல 40 மடங்குக்கும் மேலான உத்தரவை, டோக்கியோ பங்குச் சந்தையின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. அதை ரத்து செய்யவும் அந்த சாஃப்ட்வேரால் முடியவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிசுஹோவின் திரையில் எச்சரிக்கை வந்தது. ஆனால் அதைத் தாண்டிப் போக முடிந்தது. "நிச்சயமா?" என்று கேட்பது சோதனை ஆகாது. நடக்கவே முடியாத எண்ணை ஏற்க மறுப்பதுதான் சோதனை.

சி மொழியும் இந்தப் பாடத்தைத் தாமதமாகவே கற்றது. ஒரு வரியை அளவு பார்க்காமல் வாங்கும் 'கெட்ஸ்' என்ற பங்ஷனின் ஓட்டை வழியாகவும்தான் 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் இன்டர்நெட்டில் பரவியது. அந்த பங்ஷன் சி மொழியின் தரவிதியிலிருந்து நீக்கப்பட்டது 2011-ல்! அதனால்தான் மேலே எஃப்கெட்ஸ் பயன்படுத்தச் சொன்னேன்.

புதியவர்களுக்கு இது பாரமா?

"மூன்று வரிப் புரோகிராம் முப்பது வரி ஆகிவிடும், மாணவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள்" என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இதில் நியாயம் இருக்கிறது. பாயிண்டர் என்றால் என்ன என்று தெரியாதவரிடம் முதல் நாளே இதைத் திணிக்க முடியாது.

ஆனால் முதல் நாளே ஒன்று செய்யலாம். ஸ்கேன்எஃப், தான் வெற்றிகரமாக நிரப்பிய வேரியபிள்களின் எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது. ஒரு எண் கேட்டு 1 வரவில்லை என்றால் "எண் வரவில்லை" என்று சொல்லிப் புரோகிராமை முடித்துவிடலாம். ஒரே ஒரு இஃப் போதும். 1,50,000 கதையை இது தீர்க்காது. ஆனாலும் வந்ததைச் சோதிக்க வேண்டும் என்ற பழக்கம் விரலில் ஏறிவிடும். பங்ஷன் பாடம் வந்ததும், மேலே சொன்ன 5 படிகளையும் ஒரே பங்ஷனாக ஒரு முறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆயுள் முழுவதும் அதை அழைத்தால் போதும்.

பயனாளரைத் திட்டாதீர்கள்

"இன்வேலிட் இன்புட்" என்று மட்டும் காட்டுவது திட்டுவதற்குச் சமம். "வயதை 1 முதல் 120 வரை முழு எண்ணாகக் கொடுங்கள்" என்று சொல்வதற்குக் கூடுதலாக ஒரு வரி கூட ஆகாது. கமா போட்டவர் மீது தவறில்லை. முழு வரியும் உங்கள் கையில் இருக்கும்போது கமாக்களை நீக்கிவிட்டுப் படித்துக்கொள்ளலாமே! அந்த வேலையை அவர் ஏன் செய்ய வேண்டும்?

உங்கள் புரோகிராம் தயாரானதும் இந்தப் பத்தையும் கொடுத்துச் சோதியுங்கள்: வெறும் என்டர், ஸ்பேஸ் மட்டும், ஏபிசி, 12ஏபிசி, 12.5, மைனஸ் 5, 0, 1,50,000, இருபது இலக்க எண், விண்டோஸ் என்றால் கண்ட்ரோல் இசட்டும் என்டரும், லினக்ஸ் என்றால் கண்ட்ரோல் டி. பத்திலும் உங்கள் புரோகிராம் தடுமாறாமல் பதில் சொன்னால் தைரியமாக அடுத்தவரிடம் கொடுக்கலாம். அதன் பிறகு வீட்டில் உள்ள சிறுவர் ஒருவரை அதன் முன் உட்கார வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வேடிக்கை பாருங்கள். பதினொன்றாவது சோதனையை அவர் கண்டுபிடித்துத் தருவார்.