கண்ணயர்ந்தவர்
நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் பந்தயத்திலே மேட்டினும் கொடிய பகை உறக்கமே. 1891 செப்டெம்பரில், பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று, பாரிஸிலிருந்து பிரெஸ்ற் துறைமுகம் சென்று மீளும் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர்ப் பந்தயத்தை நடாத்திற்று. (பத்திரிகைக்காரர் எதைத்தான் விட்டனர்!) இருநூற்றுவர்க்கு மேல் புறப்பட்டனர். பிரெஸ்றில் முந்தி நின்றவர் ஜியேல் லாவால். மீளும் வழியில், கெங்கான் என்னும் ஊரிலே, அவர் சற்றுக் கண்ணயர்ந்தார். பின்வந்த சார்ள்ஸ் தெரோன் அஃதறிந்து, ஓசைபடாது கடந்துபோயினார். மூன்று இரவும் உறங்காது, 71 மணி 22 நிமிடத்திற் பாரிஸை அடைந்தார். விடியற்காலையிலும் பெருங்கூட்டம் ஆர்ப்பரித்தது.

தெரோனை நாமும் மெச்சுகின்றோம். ஆயினும், எம் நெஞ்சு செல்வது மற்றவரிடமே. விழித்தெழுந்தவர், நிகழ்ந்ததைக் கேட்டும், மீண்டும் வண்டியில் ஏறினார். பல மணி நேரம் பிந்தி, இரண்டாமவராய்ப் பாரிஸ் வந்து சேர்ந்தார்.