இன்னும் எத்தனை கால நீட்டிப்பு?

திருத்தணி மலையடிவாரத்தில் பூ, தேங்காய், கற்பூரம் விற்கிற எந்தக் கடையைப் பார்த்தாலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள்கூட இப்போது சில்லறை கொண்டுவருவதில்லை. நல்ல வசதிதான். நானும் அப்படித்தான் காசு கொடுக்கிறேன். ஆனால் இந்த வசதி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

யுபிஐ-யை 2016 ஏப்ரலில் கொண்டுவந்தது என்பிசிஐ. ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் முன்னின்று அமைத்த நிறுவனம் அது. அதாவது, சாலை நாம் போட்டது. அந்தச் சாலையில் இன்று 100 பரிவர்த்தனை நடந்தால் சுமார் 80 இரண்டே செயலிகள் வழியாகப் போகின்றன. ஒன்று ஃபோன்பே, அதில் பெரும்பங்கு அமெரிக்காவின் வால்மார்ட்டுக்கு. இன்னொன்று கூகுள் பே. நம்முடைய பீம் செயலி ஓரத்தில் நிற்கிறது.

இது ஆபத்து என்று என்பிசிஐ-க்கே தெரியும். எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020 நவம்பரில் விதி போட்டது. ஏற்கெனவே தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம். 2022 கடைசியில் இன்னும் இரண்டு வருஷம். 2024 கடைசியில் மறுபடியும் இரண்டு. இப்போதைய கெடு 2026 டிசம்பர் 31.

கோப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். நீட்டிப்பு கேட்பவர் பெரிய ஆளாக இருந்தால் விதி காகிதத்திலேயே செத்துப்போகும். உயிர்வாழ் சான்று தராத கிழவருக்கு ஓய்வூதியம் நின்றுவிடுகிறது. கடன் தவணை தவறிய நெசவாளிக்கு அபராதக் கட்டணம் விழுகிறது. இவர்களுக்கு யார் ஆறு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள்?

"இலவசம்தானே சார், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்பார்கள். 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிக்குக் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் சிறு வியாபாரிகளின் பரிவர்த்தனைக்கு ஊக்கத்தொகையாக 2024-25-க்கு மத்திய அரசு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். அது நம் வரிப்பணம். பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் பெட்டிக்குப் பூக்காரம்மா மாத வாடகை கட்டுகிறார். அவருடைய தினசரி வியாபாரக் கணக்கு முழுவதும் கம்பெனியிடம். நாளைக்குக் கட்டணம் வந்தால் அவர் எங்கே போவார்?

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது தெரிந்துகொண்ட சரித்திரம் இது. பிரான்சில் மன்னர் வரி வசூலைத் தனியாருக்குக் குத்தகை விட்டார். பாரிஸைச் சுற்றி மதில் எழுந்தது, வாசலுக்கு வாசல் சுங்கம். 1789-இல் பாஸ்தீல் விழுவதற்கு முன்பே ஜனங்கள் அந்தச் சுங்கச் சாவடிகளைக் கொளுத்தினார்கள்.

நாம் எதையும் கொளுத்த வேண்டாம். போட்ட விதியை நடத்தினால் போதும். 30-ஐத் தாண்டியவர்கள் புதிய ஆள் சேர்ப்பதை நிறுத்தட்டும். பொதுத்துறை வங்கிகள் கடை கடையாகப் போய் பீம் செயலியைச் சேர்க்கட்டும், கூவும் பெட்டியை வாடகையில்லாமல் தரட்டும்.

டிசம்பர் 31 எங்கள் ஊரில் படித் திருவிழா. 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறுவார்கள். அதே இரவில்தான் அந்தக் கெடுவும் முடிகிறது. இந்தத் தடவை நீட்டிப்பு ஆணை வரக்கூடாது.