திரைக்கு வெளியே போகும் சப்டைட்டில்

டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக இருப்பதில்லை, படமாக இருக்கிறது. கல்யாண வீடியோவுக்கோ பழைய கேசட்டிலிருந்து மாற்றிய குடும்பப் படத்துக்கோ வசனவரி சேர்க்கிறவர்களுக்கு வரும் சிக்கல்களில் முக்கால்வாசிக்குக் காரணம் இதுதான். கணினியில் தட்டச்சு செய்து வைக்கும் எஸ்ஆர்டி கோப்பில் வசனமும் அது தோன்றி மறைய வேண்டிய நேரமும்தான் இருக்கும். எழுத்துரு, அளவு, திரையில் நிற்கும் இடம் என்று வேறெதுவும் அதில் வழக்கமாக இருக்காது. டிவிடி தயாரிக்கும் மென்பொருள் ஒவ்வொரு வசனத்தையும் ஒரு சிறு படமாக வரைந்து வீடியோவோடு சேர்த்துப் பின்னிவிடுகிறது. அதன்பிறகு பிளேயருக்கு இருக்கும் வேலை, சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் அந்தப் படத்தைக் காட்சியின் மேல் ஒட்டுவது மட்டும்தான்.

ஆகவே கோளாறு மூன்று இடங்களில் நேரலாம்: வசனத்தைப் படமாக வரையும்போது, படத்தைத் தட்டில் சேர்க்கும்போது, தட்டு டிவியில் ஓடும்போது. எங்கே கோளாறு என்று பார்க்காமல் எல்லாரும் எஸ்ஆர்டி கோப்பையே திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். அங்கே தவறு இருப்பது அபூர்வம். கணினியில் விஎல்சி போன்ற பிளேயரில் ஒருமுறையும், டிவியோடு இணைத்த டிவிடி பிளேயரில் ஒருமுறையும் போட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எழுத்து இரண்டிலும் சிதைந்திருந்தால் வரைந்ததில் பிழை. கணினியில் சரியாக இருந்து டிவியில் மட்டும் வெட்டுப்பட்டால் பிழை இடத்தில். நிறம் மாறினாலோ வரியே வராமல் போனாலோ தட்டில் சேர்த்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

வெட்டுப்படுவதுதான் அதிகம் கேட்கும் புகார். இரண்டாவது வரியின் கீழ்ப்பாதி திரைக்கு அடியில் போய்விடும். நீளமான வரி என்றால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமல் போகும். பழைய குழாய் டிவிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் சட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் மறைத்துத்தான் காட்டும். ஓரத்தில் வரும் இரைச்சலும் கோணலும் கண்ணில் படாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. தட்டைத் திரை வந்தபின் அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் பல எல்சிடி, எல்இடி டிவிகள் இன்னும் அதே பழக்கத்தில் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. கணினியில் முழுச் சட்டமும் தெரிவதால் அங்கே இந்தக் குறை கண்ணில் படாது.

தொலைக்காட்சித் துறையில் இதற்கு வழிவழியாக ஒரு கணக்கு உண்டு. எழுத்து எதுவானாலும் படத்தின் நடுவில் உள்ள 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட வேண்டும். இந்தியாவில் வழங்கும் ‘பால்’ முறை டிவிடியின் சட்டம் 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். அதில் கீழே ஏறத்தாழ 57 வரியும் இடவலமாக 72 புள்ளியும் காலியாக இருக்க வேண்டும். இன்றைய டிவிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. கீழே 45 வரி விட்டாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் தட்டு யார் வீட்டு டிவியில் ஓடப்போகிறது என்று தெரியாதபோது பழைய கணக்கே பாதுகாப்பு. டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருள்களில் சப்டைட்டிலின் பண்புகளைத் திறந்தால் ஓர இடைவெளிகளை எண்ணாகவே கொடுக்க முடியும்.

டிவியின் படஅளவு அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும் தேர்வை இயக்கினால் வெட்டு நிற்கும். ‘ஜூம்’ இயங்கிக்கொண்டிருந்தால் எந்த இடைவெளியும் உதவாது, கீழ்வரி போயே போகும். தன் வீட்டு டிவியில் இதையெல்லாம் சரிசெய்துகொள்ளலாம். தட்டை வாங்கிப் பார்க்கும் பெரியம்மா வீட்டுக்கும் போய் அமைப்பை மாற்ற முடியாது. திருத்தம் தட்டிலேயே இருப்பதுதான் நியாயம்.

தட்டு கடல் கடந்து போகிறதென்றால் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கியது ‘என்டிஎஸ்சி’ முறை. அதன் டிவிடி சட்டத்துக்கு உயரம் 480 வரிதான். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் ‘பால்’ பக்கம். 576 வரிச் சட்டத்துக்காக 500-ஆவது வரியில் வரைந்து வைத்த சப்டைட்டிலை அப்படியே டொராண்டோவுக்குப் போகும் தட்டில் சேர்த்தால், அது நிற்கும் இடம் படத்துக்கே வெளியே. வீடியோவை மென்பொருள் தானாகச் சுருக்கிக்கொள்ளும். ஏற்கெனவே வரைந்த சப்டைட்டில் படங்களை எல்லா மென்பொருளும் சுருக்குவதில்லை. அந்தத் தட்டுக்கு எஸ்ஆர்டியிலிருந்து தொடங்கி மறுபடி வரைவதுதான் சரி.

அகலத்திரை வீடியோவில் சிக்கல் வேறு மாதிரி. 16:9 படமும் அதே 720 புள்ளி அகலத்துக்குள்தான் நெருக்கி அடைக்கப்படுகிறது. திரைக்கு வரும்போது விரிகிறது. சப்டைட்டில் படமும் கூடவே விரியும். சாதாரண விகிதத்தில் வரைந்த எழுத்து அதனால் பருத்துப் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். 1024-க்கு 576 என்ற அளவில் எழுத்தை வரைந்து, அதை 720-க்கு நெருக்கிச் சேர்த்தால் திரையில் இயல்பாக வரும். சில மென்பொருள்கள் இதைத் தாமே செய்யும், சில செய்யாது. முதல் வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதே அகலத்திரைத் தட்டைப் பழைய 4:3 டிவியில் போட்டால் பிளேயர் படத்தை 432 வரியாகச் சுருக்கி, மேலும் கீழும் 72 வரி கறுப்புப் பட்டை வைக்கும். சுருங்குவது காட்சி மட்டும்தான், சப்டைட்டில் சுருங்காது. அது கீழ்ப்பட்டையில் போய் உட்காரும். படத்தை மறைக்காமல் வசனம் கறுப்பில் தெரிவது சிலருக்குப் பிடித்தேயிருக்கிறது. ஆனால் விரிவதற்கென்று நெருக்கி வரைந்த எழுத்து இங்கே விரியாததால் ஒல்லியாக நிற்கும். இதற்காகத்தான் டிவிடி விதிமுறையில் அகலத்திரைக்கு ஒன்றும் கறுப்புப் பட்டைத் திரைக்கு ஒன்றுமாகத் தனித்தனி சப்டைட்டில் தடம் வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். வீட்டுத் தட்டுக்கு அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. அகலத்திரைக்குச் சரியாக இருந்தால் போதும்.

தமிழில் சப்டைட்டில் போடுகிறவர்களுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய தலைவலி எழுத்து உடைவது. ஆங்கில வரிகள் அழகாக வந்து, தமிழ் வரிகளில் மட்டும் ‘கெ’ என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ இரண்டு துண்டாகும். புள்ளி எழுத்தை விட்டு விலகித் தொங்கும். யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அதை முன்னால் நகர்த்துவதற்கு ஒரு தனி நிரல் வேண்டும். உலாவியிலும் சொற்செயலியிலும் அது இருப்பதால் யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. பல இலவச டிவிடி மென்பொருள்களுக்கு அடியில் ஓடும் ஸ்பூமக்ஸ் என்ற பழைய கருவியோ எழுத்துருவிலிருந்து ஒவ்வொரு வடிவத்தையும் எடுத்து, கோப்பில் உள்ள வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

இதற்கு வழி, வரையும் வேலையை அந்தக் கருவியிடம் விடாமலிருப்பது. சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் எஸ்ஆர்டியைத் திறந்து, வரிகளைப் படங்களாக ஏற்றுமதி செய்யலாம். விண்டோஸின் எழுத்து வரைவு வசதி தமிழை ஒழுங்காகக் கையாளும் என்பதால் கொம்பும் புள்ளியும் இடத்தில் நிற்கும். அந்தப் படங்களையே டிவிடி மென்பொருளுக்குக் கொடுத்தால் அது எழுத்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமலே சேர்த்துவிடும். ஒரு வேடிக்கை: யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் கொம்பு முன்னால்தான் தட்டச்சாகிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பிலும் இருப்பதால், பழைய கருவிக்கு அந்தப் பழைய முறை பொருந்திப்போகிறது. ஆனால் இன்று அப்படிச் செய்யச் சொல்வது யாருக்கும் உபகாரமில்லை. அந்தக் கோப்பைப் பிறகு வேறெதற்கும் எளிதில் பயன்படுத்த முடியாது.

எழுத்து வர வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் அது இன்னொரு சங்கதி: கோப்பு யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படவில்லை. நோட்பேடில் ‘ஆன்சி’ என்று சேமித்த கணத்திலேயே தமிழ் அழிந்திருக்கும். மூலக் கோப்பு வேறெங்காவது இருந்தால்தான் உண்டு.

வடிவம் சரியானாலும் படிக்க முடிகிறதா என்பது தனிக் கேள்வி. டிவிடியில் ஒரு சப்டைட்டில் படத்துக்கு நான்கே நிறங்கள். அவற்றில் ஒன்று ஒளிபுகும் பின்னணிக்குப் போய்விடும், ஒன்று எழுத்துக்கு, ஒன்று எழுத்தைச் சுற்றிய கரைக்கு. மிஞ்சிய ஒன்றை வைத்து விளிம்பை மழுப்பினால்தான் உண்டு. கணினித் திரையில் பளிச்சென்று தெரியும் மெல்லிய தமிழ் எழுத்துரு இங்கே பிசிறடிக்கும். அதோடு பழைய டிவி படத்தை ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளுமாக மாற்றி மாற்றி வரைவதால், ஒரு புள்ளி கனமே உள்ள கிடைக்கோடு மினுங்கிக்கொண்டே இருக்கும். தமிழில் கிடைக்கோடுகள் அதிகம். தடித்த எழுத்துருவும், இரண்டு புள்ளியாவது கனமுள்ள கறுப்புக் கரையும், வெள்ளை அல்லது இளமஞ்சள் எழுத்தும் தேவை. வரிக்கு இருபத்தைந்து எழுத்துக்கு மேல் போகாமல், இரண்டு வரிக்குள் முடிப்பது நல்லது. ‘கி’யின் வளைவும் ‘கு’வின் வாலும் மேல்வரி கீழ்வரியில் மோதிக்கொள்ளும் என்பதால் ஆங்கிலத்தைவிட வரி இடைவெளி சற்றுக் கூட வேண்டும்.

வெள்ளையாக வரைந்தது பச்சையாகவோ ஊதாவாகவோ திரையில் வந்தால் படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சப்டைட்டில் படத்தில் நிறம் கிடையாது, நிறத்தின் எண்தான் இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற 16 நிறங்களின் பட்டியல் தட்டின் ஐஎஃப்ஓ கோப்பில் தனியே இருக்கும். ஏற்கெனவே படமாக்கி வோப்சப் என்ற வடிவில் வைத்த சப்டைட்டிலைச் சேர்க்கும்போது படம் மட்டும் வந்து பட்டியல் வராமல் போவது சகஜம். டிவிடிசப்எடிட் என்ற சிறிய மென்பொருளில் தட்டுக்கான கோப்புகளைத் திறந்து அந்தப் பட்டியலைத் திருத்தினால் முடிந்தது. சப்டைட்டிலின் இடத்தை மேலே ஏற்றவும் அதே மென்பொருள் போதும். முழுத் தட்டையும் மறுபடி தயாரிக்க வேண்டாம்.

நேரப் பிழைகளில் இரண்டு வகை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ எல்லா வரிகளையும் அந்த அளவு நகர்த்திவிடலாம். ஆரம்பத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் காரணம் பெரும்பாலும் சட்டவேகம். நொடிக்கு 23.976 சட்டம் ஓடும் படத்துக்குச் செய்த சப்டைட்டிலை, 25 சட்டமாக வேகம் கூட்டிய ‘பால்’ பிரதியில் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கும். நகர்த்தினால் இது தீராது. சப்டைட்டில் எடிட்டில் சட்டவேகத்தை மாற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

ஒரு வரி முழுதாக நிற்காமல் சட்டென்று மறைகிறது என்றால், அடுத்த வரி அது முடியும் முன்பே தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் நிற்க முடியும். வரிகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டால் சரியாகும்.

சப்டைட்டில் வரவே இல்லை என்பவர்களில் பாதிப் பேருக்கு ரிமோட்டின் சப்டைட்டில் பொத்தானே மருந்து. டிவிடியில் 32 தடம்வரை வைக்கலாம். எது தானாகத் தோன்ற வேண்டும் என்று தயாரிக்கும்போதே சொல்லாவிட்டால் பல பிளேயர்கள் எதையும் காட்டாது. தமிழும் ஆங்கிலமும் சேர்த்த தட்டில் இரண்டும் கலந்துகட்டி வந்தால், இரண்டையும் ஒரே தட எண்ணில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். சப்டைட்டிலை நிறுத்தினாலும் சில வரிகள் போகாமல் நின்றால், அவற்றில் ‘கட்டாயம்’ என்ற குறி இருக்கிறது. அதை நீக்கவும் டிவிடிசப்எடிட் போதும்.

இத்தனை பாட்டுக்கும் பதிலாக எழுத்தை வீடியோவிலேயே பதித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பதிக்கலாம். எந்தப் பிளேயரிலும் வரும், நிறம் மாறாது, நான்கு நிறக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் பிழை தெரிந்தால் முழு வீடியோவையும் மறுபடி மாற்ற வேண்டும், வேண்டாதவர்கள் மறைக்கவும் முடியாது, ஓரம் வெட்டும் டிவி இதையும் வெட்டும். ஒரே மொழி, பாட்டியின் பேச்சு புரியாத பேரப்பிள்ளைகளுக்கான ஒரே தட்டு என்றால் பதிப்பதே எளிது. இரண்டு மொழி வேண்டுமென்றால் தனித் தடம்தான் சரி. எதைச் செய்தாலும் உறவினருக்குத் தட்டு அடிக்கும் முன், அழித்தெழுதும் ஆர்டபிள்யூ தட்டு ஒன்றில் எழுதி, அக்கம்பக்கத்தில் கிடைப்பதிலேயே பழைய டிவியில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.